கோதுமைப்புல் ஜூஸர் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க

போன வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாடியில துணி காயப் போடப் போன அம்மா ஆறாவது படியிலேயே உக்காந்துட்டாங்க. "ஒண்ணுமில்லடா, லேசா மூச்சு வாங்குது"ன்னாங்க. அம்மா ஒண்ணுமில்லைன்னு சொன்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம். எல்லா வீட்டுலயும் இதுதானே அகராதி! மறுநாளே ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 8.4.

பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசு வரைக்குமான பெண்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரு வீடு. அம்மாவுக்கு அப்ப வயசு 49. டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துட்டு, "மாத்திரை இருக்கட்டும்மா, ரத்தம் எங்க போகுதுன்னு பார்க்கணும். ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க"ன்னாங்க. அம்மா தலையாட்டினாங்க. தலையாட்டினதோட சரி.

இங்கதான் நம்ம மாமா என்ட்ரி ஆகுறார். அம்மாவோட கூடப் பிறந்த தம்பி. வாட்ஸ்அப் பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டம் வாங்கினவர். "மாப்ளே, மாத்திரை எல்லாம் சூடுடா. கோதுமைப்புல் சாறு குடு. பச்சை ரத்தம்னே அதுக்குப் பேரு. ஒரே மாசத்துல ரத்தம் எப்படி ஊறுதுன்னு பாரு"ன்னு சொல்லி, பதினோரு ஃபார்வர்டு அனுப்பி வச்சார்.

நாம பொட்டி தட்டுற ஆளு. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிருக்கோம். ஒரு பிரச்சனைன்னு வந்தா என்ன பண்ணுவோம்? பிரச்சனைய விட்டுட்டு, அதுக்குத் தேவையான மெஷின்ல எது பெஸ்ட்டுன்னு எக்செல் ஷீட் போடுவோம்! போட்டேன். பதினாலு மாடல், ஒன்பது காலம். விலை, சுழற்சி வேகம், வாரண்டி, கழுவ எத்தனை பாகம், எல்லாத்துக்கும் மார்க். ரெண்டு ராத்திரி ஆபீஸ் ஆணியெல்லாம் ஓரங்கட்டிட்டு இதே வேலை. அந்த ஷீட்டுல 'அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தாச்சா' அப்படின்னு ஒரு காலம் இல்லை என்பதை இப்ப நினைச்சா என்னை நானே அறையலாம் போல இருக்கு. சரி, அதுக்கு அப்புறம் வர்றேன். மெஷின் மேட்டரை முதல்ல முடிச்சுடுவோம். அதுல உருப்படியா சில விஷயம் கத்துக்கிட்டேன்.

முதல்ல, புல்லுக்கு எதுக்குத் தனி ஜூஸர்? கேரட்டும் ஆப்பிளும் கடினமான சாமான். பல்லுல மாட்டினா துருவிக்கும். புல் அப்படி இல்லை. எடை கிடையாது, வழவழன்னு நீள நாரு. மாட்டுக்கு நாலு அறை வயிறு இருக்கு, அதுக்குள்ள நாரை உடைக்கிற கிருமிப் படையே இருக்கு. நமக்கு அந்த வசதி இல்லாததால, நாரை நசுக்கிச் சாறை மட்டும் எடுத்தாகணும்.

வீட்டுல சாதாரணமா இருக்கிற மின்சார ஜூஸர், அதான் உள்ளே பல்லு வச்ச தட்டு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல சுத்துமே, அது துருவுற மெஷின். அதுல புல்லைப் போட்டா, தட்டு சுத்துற வேகத்துக்குப் புல் பல்லுல சிக்காம நழுவி, ஈரம் குறையாம நேரா சக்கை டப்பாவுக்குப் போயிடும். இதை நான் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கலை. ஆன்லைன்ல ஒரு கடையில, டப்பா மேலேயே கோதுமைப்புல் படம் போட்டிருந்த மெஷினை நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கித் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு கட்டு புல்லுக்கு ரெண்டு ஸ்பூன் சாறு, மூணு ஸ்பூன் நுரை. சக்கையைக் கையால பிழிஞ்சா மெஷின் கொடுத்ததைவிட அதிகமா வந்தது! திருப்பி எடுத்துக்கச் சொன்னா, "பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது"ன்னு பதில். டப்பா மேல இருக்கிற படம் உத்தரவாதம் கிடையாது மக்களே.

புல்லுக்குச் சரியான மெஷின் துருவக் கூடாது, நசுக்கணும். நம்ம ஊர்ல எண்ணெய் ஆட்டுற எக்ஸ்பெல்லர் பார்த்திருப்பீங்க. உள்ளே ஒரு திருகு மரை. எள்ளை வாங்கித் தள்ளிக்கிட்டே போகும், போகப் போக இடம் குறுகும், அழுத்தம் ஏறும், பக்கவாட்டு இடுக்கு வழியா எண்ணெய் வடியும், முனையில புண்ணாக்கு வெளிய வரும். புல்லுக்கான ஜூஸரும் அதோட குட்டித் தம்பிதான். கையால சுத்தினா கைமெஷின், மோட்டார் வச்சா 'ஸ்லோ ஜூஸர்', 'கோல்ட் பிரஸ்' அப்படின்னு ஸ்டைலா ஒரு பேரு, விலையில இன்னொரு சைபர். நிமிஷத்துக்கு 40 முதல் 80 சுத்துதான் சுத்தும். மிக்ஸி கிட்டத்தட்ட இருபதாயிரம் சுத்தும்.

இதுல ஒரு சூட்சுமம் உண்டு. திருகு ஜூஸர்ல முதல் பிடி புல்லைப் போட்டவுடனே சாறு சரியா வராது, முனை வழியா ஈரச் சக்கைதான் வரும். உடனே மெஷின் சரியில்லைன்னு முடிவு பண்ணிடக் கூடாது. அந்தச் சக்கையே போய் முனையில அடைப்பு மாதிரி உக்காந்தாதான் உள்ளே அழுத்தம் ஏறும். முதல்ல வந்த சக்கையை மறுபடி உள்ளே போட்டுச் சுத்தினா மடமடன்னு பச்சைச் சாறு இறங்கும். இது தெரியாம ரெண்டு நாள் மெஷினைத் திட்டிக்கிட்டு இருந்தேன்.

மோட்டார் வச்சதுல செங்குத்தா நிக்கிறது ஒண்ணு, படுக்கை வாட்டத்துல இருக்கிறது ஒண்ணு. செங்குத்து மாடல்ல பழம் பிரமாதமா வரும். நீளமான புல்லை அப்படியே போட்டா திருகுல சுத்திக்கிட்டுத் திணறும், விரல் அகலத்துக்கு நறுக்கிப் போடணும். கீரை, புல் மாதிரி நார் சாமானுக்குப் படுக்கை மாடல்தான் தோது. ரெண்டு பல்சக்கரம் ஒண்ணோட ஒண்ணு கோத்துச் சுத்துற மாடலும் இருக்கு. சாறு எடுக்கிறதுல அதுதான் ராஜா. விலையும் ராஜாவுக்குத்தான் கட்டுப்படியாகும், கழுவுறதுக்குத் தனியா ஒரு ஆள் போடணும். நான் பார்த்தப்ப நல்ல மோட்டார் வகையெல்லாம் எட்டாயிரத்துல ஆரம்பிச்சு இருபத்தஞ்சாயிரத்தைத் தாண்டிப் போச்சு. கைமெஷின் ரெண்டாயிரம், மூவாயிரத்துல முடிஞ்சது.

கைமெஷினை நண்பன் ஒருத்தன் வீட்டுப் பரண்ல இருந்து இரவல் வாங்கினேன். (எந்தக் கைமெஷினைத் தேடினாலும் யாராவது ஒருத்தர் வீட்டுப் பரண்ல இருக்கும். இந்தத் தகவலே நமக்கு ஒரு எச்சரிக்கை.) இரும்பு வார்ப்புல ஈயம் பூசின பழைய மாடல் அது. பூச்சு உரிஞ்ச இடத்துல துரு. அதைக் கழுவி வச்சுட்டு, முழுக்க எவர்சில்வர்ல ஒண்ணு வாங்கினேன். கைமெஷின் வாங்குறவங்க ஒண்ணைக் கவனிங்க: அதை மேஜை விளிம்புல மாட்டித் திருகி இறுக்கணும். நம்ம வீட்டுச் சமையல் மேடைக்கு கடப்பாக்கல்லு, அதுக்குக் கீழே செங்கல், விளிம்பு வெளிய நீட்டிக்கிட்டே இருக்காது. மாட்ட இடமே இல்லை! கடைசியில அம்மாவோட பழைய தையல் மெஷின் பலகையில மாட்டினோம். அடியில ரப்பர் உறிஞ்சி வச்ச பிளாஸ்டிக் மாடல் வழவழப்பான கிரானைட்லதான் நிக்கும், மொசைக் தரையில நாம ஒரு பக்கம் சுத்தினா அது ஒரு பக்கம் சுத்தும்.

இப்ப முக்கியமான பரிசோதனை. அம்மா முதல் நாளே கேட்டாங்க, "ஏன்டா, இதுக்கு மிக்ஸி போதாதா?"ன்னு. இன்ஜினியர் மகனுக்குக் கோபம் வந்துச்சு. மிக்ஸி சூட்டுல என்சைம் எல்லாம் செத்துப் போயிடும்னு மாமா ஃபார்வர்டுல படிச்சதை அப்படியே ஒப்பிச்சேன். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை தராசு வச்சு அளந்து பார்த்தேன். 50 கிராம் புல் கைமெஷின்ல 29 மில்லி சாறு கொடுத்தது. அதே 50 கிராமை நறுக்கி, 50 மில்லி குளிர்ந்த தண்ணி விட்டு மிக்ஸியில இருபது விநாடி ஓட்டி, கொதிக்க வச்சுக் காயப்போட்ட வெள்ளைத் துணியில இறுக்கிப் பிழிஞ்சேன். 76 மில்லி. ஊத்தின தண்ணியைக் கழிச்சா 26. வித்தியாசம் மூணு மில்லி, அதாவது அரை ஸ்பூனைவிடக் கொஞ்சம் கூட. ரெண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு அரை ஸ்பூன் சாறு!

என்சைம் விஷயம்? இருபது விநாடியில குளிர்ந்த தண்ணி கொதிச்சுடப் போறதில்லை. அதைவிட, என்சைம்ங்கிறது ஒரு புரதம். எந்த மெஷின்ல எடுத்தாலும் வயித்துக்குள்ள இருக்கிற அமிலத்தைத் தாண்டித்தான் போகணும், அங்கே மத்த புரதத்துக்கு என்ன கதியோ பெரும்பாலும் இதுக்கும் அதே கதி. மிக்ஸி சாறுல நுரை அதிகம், ருசி கொஞ்சம் கூடுதல் 'புல்'லா இருக்கும், உடனே குடிச்சுடணும். ஒப்புக்கிறேன். மத்தபடி அம்மா கேட்ட கேள்விக்குப் பதில், "போதும்மா".

மெஷினைவிடப் பெரிய வேலை புல் வளர்க்கிறது. இதைச் சொல்லாம ஜூஸர் விக்கிறவங்களை எல்லாம் நுகர்வோர் கோர்ட்டுல நிறுத்தணும். தினம் ஒரு ஆளுக்கு ஒரு தட்டு புல் வேணும்னா, முளைச்சு வெட்ட ஏழெட்டு நாள் ஆகும்ங்கிறதால, எட்டுத் தட்டு வரிசையில இருக்கணும். தினம் ஒண்ணு ஊறணும், ஒண்ணு முளைக்கணும், ஒண்ணு வெட்டணும். ஒரு நாள் விட்டா சங்கிலி அறுந்துடும்.

எங்களுக்கு இதுல கைகொடுத்தது அத்தை. அப்பாவோட அக்கா. கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழா, ஊர்ப்பக்கம் அம்மன் பொங்கல்னு எதுக்கும் முளைப்பாரி போடுற கை அது. நான் வீடியோ பார்த்து வளர்த்த முதல் ரெண்டு தட்டும் பூஞ்சை பிடிச்சு ஊசிப்போன வாடை. அத்தை வந்து ஒரு பார்வை பார்த்தாங்க. "ஏன் தம்பி, கோதுமையை இப்படிக் குமிச்சா போடுவாங்க? ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம பரப்பு. தண்ணி தெளிக்கணும், ஊத்தக் கூடாது. காத்து போகணும்"னாங்க. மூணே வாக்கியம். அதுக்கு மேல எந்த வீடியோவும் எனக்கு எதுவும் சொல்லித் தரலை. முளைப்பாரியை இருட்டுல வச்சு வெளிர் மஞ்சளா வளர்ப்பாங்க. நமக்குப் பச்சை வேணும்ங்கிறதால, முளை ஒரு அங்குலம் வந்ததும் நேரா வெயில் படாத வெளிச்சத்துல வைக்கணும். ஒரு விஷயத்துல மட்டும் அத்தை பேச்சை மீறினேன். முளைப்பாரிக்குப் போடுற மாதிரி ஆட்டு எருவு போடச் சொன்னாங்க. சாமிக்கு வைக்கிறதுக்கு அது சரி, வேக வைக்காம குடிக்கிறதுக்கு வேண்டாம். தென்னை நார்த்தூள் போதும். கோதுமை மணிக்குள்ள இருக்கிற சத்துலயே எட்டு நாள் புல் வளர்ந்துடும்.

கோதுமையை மளிகைக் கடையில சாப்பாட்டுக்கு விக்கிற முழுக் கோதுமையா, சம்பா கோதுமைன்னாலும் சரி, வாங்குங்க. விதைக் கடை கோதுமை வேண்டாம். பூஞ்சை மருந்து தடவி, அடையாளத்துக்கு ரோஸ் கலர் பூசியிருப்பாங்க. அது விதைக்க மட்டும்தான். அப்புறம் தண்ணி. திண்டுக்கல்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தோல் பதனிடும் தொழில் இருந்த பக்கமெல்லாம் நிலத்தடி நீர்ல உப்பு ஏறிக் கிடக்கு, குரோமியம் கலந்திருக்கிறதாவும் ஆய்வுகள் வந்திருக்கு. போர் தண்ணியில வளர்த்துட்டு 'ஆர்கானிக்' அப்படின்னு பேர் வச்சா ஆச்சா? நாங்க குடிக்கிற தண்ணியைத்தான் தெளிச்சோம். நம்ம ஊர்ல குடிக்கிற தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருதோ, அதைக் கணக்குப் போட்டுட்டுத் தட்டு எண்ணிக்கையை முடிவு பண்ணுங்க. கத்திரி வெயில்ல ஆசைப்படவே வேண்டாம். நாப்பது டிகிரியில கோதுமை முளைக்கிறதுக்கு முன்னாடி பூஞ்சை முளைக்கும்.

சரி, இனிமேதான் நான் சொல்ல வந்தது.

டிசம்பர் கடைசி. நான் பெங்களூருக்கும் திண்டுக்கல்லுக்குமா அலைஞ்சுக்கிட்டு, வீட்டுல இருந்து வேலை பார்க்கிற நாள்ல நான் சுத்தினேன், மத்த நாள்ல அம்மாவே சுத்தினாங்க. கவனிச்சீங்களா? ரத்தசோகையில மாடிப்படி ஏற முடியாத அம்மாவுக்காக மெஷின் வாங்கி, புல் வெட்டுறது, மெஷின் சுத்துறது, சல்லடைக் கண்ணுல காய்ஞ்சு ஒட்டின நாரைப் பழைய பிரஷ் வச்சுத் தேய்க்கிறது, அத்தனையும் அதே அம்மா தலையில. அப்பா சாறைக் குடிச்சுட்டு "நல்லாத்தான் இருக்கு"ன்னு டம்ளரை வச்சுட்டுப் போவார். எக்செல் ஷீட்டுல 'யார் கழுவுறது'க்கும் காலம் இல்லை.

அஞ்சு வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட். 7.9.

எனக்குக் கண்ணு கட்டிருச்சு. குறைஞ்சிருக்கு! மாத்திரையும் சாப்பிட்டு, சாறும் குடிச்சு எப்படிக் குறையும்? அன்னைக்குச் சாயங்காலம் டீ போடப் போனப்ப, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாடி மாத்திரை அட்டை. பத்துல ஒன்பது அப்படியே இருக்கு. அடுத்த அட்டை பிரிக்கவே இல்லை. கேட்டா, "அதைப் போட்டா வயிறு கட்டிக்குதுடா, வெளிக்குக் கறுப்பாப் போகுது, பயமா இருக்கு. அதான் நீ இவ்வளவு செலவு பண்ணி மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கியே. ரெண்டும் எதுக்கு?"ன்னாங்க.

அந்தக் கடைசி வரி. அம்மா மாத்திரையை விட்டது மாமாவோட ஃபார்வர்டை நம்பி இல்லை. என்னை நம்பி. படிச்ச பையன், ராத்திரி பகலா உக்காந்து பார்த்து வாங்கியிருக்கான், அப்ப அதுல விஷயம் இருக்கும்னு. மெஷின் விலை ஏற ஏற அந்த நம்பிக்கையும் ஏறும். இரவல் மெஷினோட நிறுத்தியிருந்தாகூட மாத்திரையைச் சாப்பிட்டிருப்பாங்களோ என்னவோ.

அதுக்கப்புறம்தான் முதல்ல படிச்சிருக்க வேண்டியதை உக்காந்து படிச்சேன். 30 மில்லி கோதுமைப்புல் சாறுல இருக்கிற இரும்பு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. 2018-ல் ஆரம்பிச்ச ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்துல பெரியவங்களுக்கு அரசு கொடுக்கிற ஒரே மாத்திரையில 60 மில்லிகிராம் இருக்கு. அறுபது டம்ளரைச் சுத்தினாலும் ஒரு மாத்திரைக்கு ஈடாகுமான்னு சந்தேகம். அறுபது டம்ளரை யார் கழுவுறது?

'பச்சை ரத்தம்' கதைக்கு வேர் எங்கேன்னா, பச்சையமும் ரத்தத்துல இருக்கிற ஹீமும் பார்க்க ஒரே வார்ப்பு. நடுவுல ஒண்ணுல மெக்னீசியம், இன்னொண்ணுல இரும்பு. இந்த ரெண்டோட அமைப்பையும் ஆராய்ஞ்ச ஹான்ஸ் ஃபிஷருக்கு 1930-ல் நோபல் பரிசே கொடுத்தாங்க. ஒற்றுமை உண்மைதான். ஆனா, நம்ம உடம்பு மெக்னீசியத்தைக் கழட்டிட்டு இரும்பை மாட்டி ரத்தமாக்குற வொர்க்‌ஷாப் இல்லை. நம்ம ஊர்ப் பூட்டு உதாரணம் சொன்னா, ரெண்டு சாவி பார்க்க ஒரே மாதிரி இருந்தா போதுமா?

மாமா அனுப்பினதுல ஒரு கிலோ புல் 23 கிலோ காய்கறிக்குச் சமம்னு ஒரு வரி. 23 எங்க இருந்து வந்துச்சுன்னு தேடினேன். 1930-கள்ல அமெரிக்காவுல கன்சாஸ் பக்கம் சார்லஸ் ஷ்னாபெல்னு ஒரு வேளாண் வேதியியல்காரர், இளம்புல்லைக் கோழிகளுக்குப் போட்டுப் பார்த்துட்டு மனுஷங்களுக்கும் டப்பாவுல அடைச்சு வித்தவர். 15 பவுண்டு புல் 350 பவுண்டு காய்கறிக்குச் சமம்னு அவர் பேர்ல ஒரு கூற்று உலவுது. வகுத்துப் பாருங்க, 23.3. தொண்ணூறு வருஷமா ஒரு வகுத்தல் கணக்கு ஊர் ஊராச் சுத்திட்டு இருக்கு! அப்புறம் பாஸ்டன்ல ஆன் விக்மோர்னு ஒரு அம்மா இதைச் சாறாக்கிப் பிரபலமாக்கினாங்க. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் தேவை குறையும்னு சொன்னதுக்கு 1982-லயும், எய்ட்ஸ் விஷயமாச் சொன்னதுக்கு 1988-லயும் மாசசூசெட்ஸ் மாநில அரசே வழக்குப் போட்டுச்சு. இந்த வரியை மட்டும் எந்த ஃபார்வர்டுலயும் காணோம்.

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். சண்டிகர் பிஜிஐ மருத்துவமனை டாக்டர்கள் 2004-ல் ஒரு சின்ன ஆய்வு வெளியிட்டாங்க. தலசீமியா குழந்தைகளுக்கு, வீட்டுலயே வளர்த்த கோதுமைப்புல் சாறு தினம் 100 மில்லி. கணக்குல எடுத்துக்கிட்ட 16 பேர்ல 8 பேருக்கு ரத்தம் ஏத்துற தேவை 25 சதவீதத்துக்கு மேல குறைஞ்சதுன்னு முடிவு. மாமா காட்டுற 'விஞ்ஞான ஆதாரம்' இதுதான். ஆனா ஒப்பிட்டுப் பார்க்கச் சாறு குடிக்காத தனிக் குழு அதுல இல்லை. 2009-ல் இதே நோய்க்கு மாத்திரை வடிவத்துல கொடுத்துப் பார்த்த இன்னொரு இந்திய ஆய்வுல பலன் தெரியலை. எல்லாத்துக்கும் மேல, தலசீமியாவுல பிரச்சனை இரும்புக் குறைவே இல்லை. அடிக்கடி ரத்தம் ஏத்துறதால அந்தக் குழந்தைகளுக்கு இரும்பு மிஞ்சிப் போய், அதை வெளியேத்தத் தனி மருந்து கொடுக்கிறாங்க. அந்த ஆய்வைக் காட்டி எங்கம்மாவுக்கு ரத்தம் ஊறும்னு சொன்னது, வேற பூட்டுச் சாவியை எடுத்துட்டு வந்த கதை. 2002-ல் இஸ்ரேல்ல பெருங்குடல் புண் நோயாளிகள்கிட்ட நடந்த ஒரு சின்ன ஆய்வுல நல்ல பலன் தெரிஞ்சதும் உண்மை. புல்லே பொய்யின்னு நான் சொல்லலை. எதுக்குக் குடிக்கிறோம்னு தெரியணும், அவ்வளவுதான்.

அப்புறம் ஸ்கேன் எடுத்தோம். கர்ப்பப்பையில நார்க்கட்டி. மாசாமாசம் அளவுக்கு மீறி ரத்தம் போயிட்டு இருந்திருக்கு, ரெண்டு வருஷமா. மகன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு அம்மா சொல்லலை, மகனுக்குக் கேக்கத் தெரியலை. மாத்திரையை மாத்திக் கொடுத்தாங்க, டீ காபியோட போடாம எலுமிச்சைச் சாறோட போடச் சொன்னாங்க, வெளிக்குக் கறுப்பாப் போறது மாத்திரையாலதான், பயப்பட வேண்டாம்னு டாக்டரம்மா ரெண்டு நிமிஷம் உக்காந்து சொன்னாங்க. கட்டிக்குத் தனி வைத்தியம். மே மாசம் 11.2.

இன்னொண்ணு. இதயத்துல வால்வு மாத்தினவங்க, ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம், வார்ஃபரின் மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்க வீட்டுக்கு ஆசையா ஒரு ஜூஸர் பரிசு கொடுத்துடாதீங்க. பச்சை இலைச் சாறுல வைட்டமின் கே உண்டு, அது அந்த மாத்திரைக்கு நேர் எதிர் வேலை செய்யும். திடீர்னு தினம் குடிக்க ஆரம்பிச்சா மருந்தோட அளவே குழம்பிடும். டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும். அப்பாவோட வாக்கிங் நண்பர் ஒருத்தர் நம்ம வீட்டுச் சாறை ருசி பார்த்துட்டு மெஷின் விலை விசாரிச்சார். பேச்சுவாக்குல என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேட்டேன். அன்னையோட அவருக்கு வெறும் மோர்தான்.

இவ்வளவுக்கு அப்புறமும் வாங்கணுமா? கேட்டா என் பதில் இது. உடம்புல குறைன்னா முதல்ல டாக்டர், அப்புறம்தான் தட்டு. சும்மா ஆசைக்கு, காலையில டீக்குப் பதிலா ஏதாவது பச்சையா குடிக்கணும்னா, தாராளமா. ஒரு மாசம் மிக்ஸியும் துணியும் வச்சு ஓட்டுங்க. அந்த ஒரு மாசம் தட்டுச் சங்கிலி அறுகாம ஓடுச்சுன்னா, எவர்சில்வர் கைமெஷின் வாங்குங்க. மேடை விளிம்பை அளந்துட்டு வாங்குங்க. வீட்டுல நாலு பேர் குடிக்கிறாங்க, கேரட், நெல்லிக்காயும் போடணும்னாதான் மோட்டார் வச்ச படுக்கை மாடல், அதுவும் உதிரிபாகம் மதுரையிலயாவது கிடைக்கும்னா மட்டும். துருவுற மெஷின் புல்லுக்கு வேண்டவே வேண்டாம், வேணும்னா என்கிட்ட ஒண்ணு இருக்கு, பாதி விலைக்குத் தர்றேன்.

எங்க வீட்டுல இப்ப ரெண்டே தட்டு. வாரத்துக்கு ரெண்டு நாள் சாறு. சுத்துறதும் கழுவுறதும் அப்பா, இது டாக்டரம்மா போட்ட உத்தரவுன்னு அம்மா சொல்லி வச்சிருக்காங்க. (டாக்டரம்மா அப்படி எதுவும் சொல்லலை.) போன வாரம் போன் பண்ணினப்ப அப்பா கேட்டார், "ஏம்ப்பா, இந்த மெஷின்ல தேங்காய்ப்பால் வருமா?" வராதுப்பா, திருகு உடைஞ்சுடும்னேன். "பின்ன எதுக்குடா இவ்வளவு கனமா ஒண்ணை வாங்கினே?"ன்னு கேட்டுட்டு வச்சுட்டார்.